நாக்கு நுனியில் சாக்லேட்

முறுக்கிய தாளுக்குள் இருந்தால் சாக்லேட். ஜாடிக்குள் அம்மணமாகக் கிடந்தால் முட்டாய். நம் வயதுக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை. எலுமிச்சை வாசம் அடித்தாலும் சாக்லேட்தான், இஞ்சி காந்தினாலும் சாக்லேட்தான். இரண்டு முனையிலும் தாள் முறுக்கியிருக்க வேண்டும், அவ்வளவே. இன்றைக்கு என் மகள் தாளின் பின்பக்கத்துப் பொடியெழுத்தைப் படித்து, இதில் கோகோ இவ்வளவு, இதில் இல்லவே இல்லை என்று தள்ளி வைக்கிறாள். நாம் தாளைப் படித்தோமா? நீவினோம். நகத்தால் சுருக்கம் எடுத்தோம். புத்தகத்துக்குள் அமுக்கி வைத்து, ஒரு வாரம் கழித்து எடுத்து, கண்ணுக்கு முன்னால் பிடித்து அதன் வழியாக வெயிலைப் பார்த்தோம். மஞ்சள் தாளில் எங்கள் ஊர் மலைக்கோட்டைப் பாறை வெல்லக்கட்டி போலிருக்கும். பச்சைத் தாளில் அதே பாறை குளத்துக்கு அடியில் கிடக்கும்.

எனக்கு மற்ற பிள்ளைகளைவிடத் தாள்கள் அதிகம் கிடைத்தன. காரணம், பேகம்பூரில் எங்கள் வீட்டு முன்கட்டுதான் அத்தாவின் கடை. மொத்த வியாபாரம். சித்தையன்கோட்டை, ஆத்தூர்ப் பக்கத்துச் சின்னக் கடைக்காரர்கள் சைக்கிளில் வந்து, பின்னால் டின்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போவார்கள். வெறும் டின்கள் திரும்பி வரும்போது உள்ளே எறும்பும் வாசமும் மட்டும் இருக்கும். நான் தலையை டின்னுக்குள் விட்டு அந்த வாசத்தை இழுப்பேன். டின் என் மூச்சை எனக்கே திருப்பிச் சொல்லும்.

புதுச் சரக்கு எதுவானாலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு அத்தா சோதனை வைப்பார். சோதிப்பவர்கள் அக்காவும் நானும்.

"வாங்குறது பெரியாளு, திங்கிறது சின்னப்புள்ள. திங்கிறவகிட்டக் கேக்காம நான் எவன்கிட்டப் போயிக் கேக்க?" என்பார்.

அக்காவால் பிரயோசனம் கிடையாது. எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்கு" என்பாள். "மண்ணாங்கட்டியத் தாள்ல சுத்திக் குடுத்தாலும் இவளுக்கு நல்லாத்தான் இருக்கும்" என்று அத்தா அலுத்துக்கொள்வார். ஆகவே என் நாக்குதான் நாக்கு. முதலில் செம்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். காற்று தோல் பதனிடுகிற தோல்ஷாப்புப் பக்கமிருந்து அடித்தால் அன்று சோதனை ரத்து. எனக்கென்று சில சொற்கள் இருந்தன, யாரும் கற்றுத் தராதவை. பல்லைப் பிடிக்குது. தாள் ருசிக்குது. மருந்து அடிக்குது. ஓடிப்போயிருச்சு. கடைசியாகச் சொன்னது, வாயில் வைத்ததும் கரைந்து எந்த நினைவும் வைக்காமல் போய்விடுகிற சரக்குக்கு.

மதுரையிலிருந்து வந்த ஏஜெண்டு ஒருவர் கொண்டுவந்த சாக்லேட்டை நான் மென்றுவிட்டு, "சோப்பு" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சோப்பா? சோப்பை நீ எப்ப பாப்பா தின்னே?"

"குளிக்கிறப்ப."

அத்தா சிரித்துச் சிரித்துத் தொப்பி கழன்று விழுந்தது. பிறகு விசாரித்தால், அந்த டின்கள் வண்டியில் சோப்புப் பெட்டிகளோடு வந்தவை. அதற்குப் பிறகு அத்தா என் நாக்கைத் தராசுப் படிக்கல்லைப் போல நம்பினார். ஒன்பது வயதில் இப்படி நம்பப்படுவது ஆபத்து. அது அப்போது தெரியவில்லை, யாருக்குமே.

அந்த வருடம் ரமலான் வெயில் ஏறுகிற மாசத்தில் வந்தது. அக்கா முதல்முறையாக ஒன்று விடாமல் நோன்பு பிடித்தாள். வீடே அவளைச் சுற்றி மெதுவாக நடந்தது. அவளுக்குத் தலையில் போட்டுக்கொள்ளச் சரிகைக் கரை வைத்த துணி. சாயங்காலம் கஞ்சி ஊற்றும்போது முதல் கிண்ணம் அவளுக்கு. எனக்கு அதற்கு முந்தின வருடம் விஷக்காய்ச்சல் வந்து முடி கொட்டி எழுந்திருந்ததால், "நீ அடுத்த வருசம் பாத்துக்கலாம்டி, எலும்புக்கூடு" என்று அம்மா சொல்லிவிட்டார். பகலில் எனக்கு மட்டும் தனியாகத் தட்டு வைக்கப்படும். எல்லோரும் பட்டினியாக இருக்கிற வீட்டில் ஒருத்தி மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள். சோறு சத்தம் போடும்.

ஆகவே ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் நோன்பு வைத்தேன். அக்காவுக்கு மட்டும் தெரியும். என் பங்குச் சோற்றைப் பூனைக்கு வைத்தோம். மத்தியானம் வரை பிரமாதமாகத்தான் போயிற்று. தெருவில் வெயில் வெள்ளையாக நின்றது. என் உடம்பு காகிதத்தில் செய்தது போலவும், உள்ளே யாரோ விளக்கு வைத்தது போலவும் இருந்தது. அந்த நேரத்தில்தான் கடை வாசலில் ஓர் ஆள் ஓலைப்பெட்டியோடு வந்து நின்றார்.

சாணார்பட்டிக்காரர். ஒல்லி உடம்பு, துண்டை இடுப்பில் சுற்றியிருந்தார். விவசாயி என்பது கால் விரல்களிலேயே தெரிந்தது.

"வாங்கப்பு, உக்காருங்க. நோம்பு நாளு, காப்பித்தண்ணி குடுக்க வழியில்ல" என்றார் அத்தா.

"அதெல்லாம் வேணாங்க ராவுத்தரே. ஒரு சரக்குக் கொண்டாந்திருக்கேன். செத்த நேரம் பாத்துச் சொல்லணும்."

பெட்டிக்குள் வாழையிலை. இலைக்குள் வெண்ணெய்த் தாள். அதற்குள் பன்னிரண்டு துண்டுகள். தாள் முறுக்காமல், பழுப்பாக, மேலே கரும்பொடி தூவி, ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கியிருந்தன.

"என்ன இது?"

"சாக்லேட்டுங்க."

"தாள் எங்க?"

"உள்ள இருக்கிறதுதாங்க சாக்லேட்டு. தாள் பெறகு சுத்திக்கலாம்." அவர் வெட்கத்தோடு சிரித்தார். "கடைச்சரக்கு இல்லிங்க. வீட்டுல கிண்டுனது."

பிறகு சொல்ல வந்ததைச் சொன்னார். மழை இரண்டு வருடமாக ஏமாற்றிவிட்டது. உழவு மாடு இரண்டையும் விற்றுச் செப்புக் கொப்பரையும் சீனியும் வாங்கி, பாலுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. "பெருநாளைக்கு நீங்க ஏத்துக்கிட்டா நிமிந்துருவோம். இல்லாட்டி அடுத்தவன் காட்டுலதான் மம்பட்டி புடிக்கணும்."

அத்தா ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன், மூக்கு விரிந்தது. உடனே கீழே வைத்துவிட்டார். "எனக்கு நோம்பு. மூத்தவளுக்கும் நோம்பு. இன்னைக்கு இந்த வீட்டுல திங்கிற வாயி ஒண்ணே ஒண்ணுதான். ஆனா அது போதும். அந்த வாயி சொன்னா சரியா இருக்கும்." உள்ளே பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

நான் வந்து நின்றேன். அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து கண்ணை உருட்டினாள். நோன்பு என்று சொன்னால் அம்மா அந்த இடத்திலேயே வாயில் தண்ணீரை ஊற்றிவிடுவார். வயிற்றுவலி என்று பொய் சொல்லலாமென்றால், நோன்போடு பொய் சொல்லக் கூடாது என்று ஓதிக்கொடுக்கிற இடத்தில் சொல்லியிருந்தார்கள். அப்போதுதான் அம்மா நினைவுக்கு வந்தார். நோன்புக் கஞ்சி காய்ச்சும்போது அவர் அகப்பையிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நாக்கு நுனியில் வைத்து, உப்புப் பார்த்து, உடனே துப்பி வாயைக் கொப்பளிப்பார். தொண்டைக்குள் போகாதவரை நோன்புக்குக் குறையில்லை. சமைக்கிறவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு. நானும் ஒரு வேலைதானே பார்க்கிறேன்?

துண்டை எடுத்து நாக்கு நுனியில் வைத்தேன். வாசல் சாக்கடைக்குப் போய்த் துப்பினேன். திரும்பி வந்தேன்.

சாணார்பட்டிக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னம்மா?" என்றார் அத்தா.

நுனியில் பட்டது மேலே தூவிய பொடி மட்டும்தான். உள்ளதைத்தான் சொன்னேன். "கசக்குது."

"நல்லா மென்னு பாரு."

இன்னொரு முறை நுனியில் வைத்தேன். துப்பினேன். எச்சிலோடு ஏதாவது உள்ளே போயிருக்குமோ என்று பயந்து, மூன்றாவது முறை எதையும் வைக்காமலே துப்பினேன். கையிலிருந்த துண்டையும் சாக்கடையில் போட்டுவிட்டேன்.

"பாப்பாவுக்குப் பழக்கமில்ல போல" என்றார் அவர், யாரிடமும் இல்லாமல். "இது மெதுவாக் கரையணும் தாயி. கசந்துட்டுத்தான் இனிக்கும்."

அத்தா மிருதுவாகத்தான் பேசினார். "அப்பு, கடையில புள்ளைக கசந்துட்டு இனிக்கிற வரைக்கும் காத்திருக்காதுக. இவ ஒருக்காத் துப்புனாலே நான் எடுக்க மாட்டேன். மூணு வாட்டி துப்பிட்டா."

 சாணார்பட்டிக்காரர் மீதித் துண்டுகளை எடுத்துக்கொள்ளவில்லை. வெறும் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார், உள்ளே ஏதோ இருந்தது போல. பிறகு வெயிலுக்குள் இறங்கிப் போய்விட்டார்.

சாயங்காலம் முற்றத்தில் கஞ்சிக் கிண்ணங்களைச் சுற்றி உட்கார்ந்தோம். நானும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்குச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். "உனக்கு என்னடி காவலு? தின்னு" என்றார் அம்மா. அக்காவால் அடக்க முடியவில்லை. "அவளும் நோம்பும்மா!" அப்புறம் ஒரே கூச்சல். அம்மா திட்டிக்கொண்டே அழுதார். அத்தா என்னைத் தூக்கி மடியில் வைத்து, முதல் கிண்ணத்தை என் வாயில் வைத்தார். அந்த ஒரு நாள் அக்காவின் சரிகைத் துணி என் தலைக்கு வந்தது.

அத்தா மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசல் போனதும் நான் முன்கட்டுக்குப் போனேன். வெண்ணெய்த் தாள் அங்கேயே இருந்தது. ஒன்றை முழுசாக வாயில் போட்டேன்.

அதை எழுதிப் பார்க்க எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். முதலில் கசப்பு. ஆனால் காப்பிக்கொட்டை வறுக்கிற வீட்டைத் தாண்டிப் போகிறபோது வருகிற கசப்பு, நம்மைத் திரும்பிப் பார்க்க வைப்பது. பிறகு பொடிக்கு அடியிலிருந்து பால் வந்தது, எருமைப்பால், சுண்டிச் சுண்டி அடிப்பிடிக்கப் போகிற கணத்தில் இறக்கிய பால். இனிப்பு கடைசியில் வந்தது, விருந்துக்குத் தாமதமாக வருகிற சொந்தக்காரரைப் போல, அதற்கான இடம் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது. நாக்கின் நடுவில் அகலமாகப் பரவி, அண்ணத்தில் ஒட்டி, போக மாட்டேன் என்றது. இது சாக்லேட் என்றால் அதுவரை நான் தீர்ப்புச் சொன்னதெல்லாம் என்ன? தாள். கலர்த் தாள்.

இரண்டாவதைச் சரிபார்க்கத் தின்றேன். மூன்றாவதை ஏன் தின்றேன் என்று சொல்லத் தெரியாது. அத்தா திரும்பி வந்தபோது வெண்ணெய்த் தாள் மட்டும் என் மடியில் இருந்தது.

"அத்தா, அது கசப்பில்ல."

"எது?"

"மத்தியானம் வந்தாரே, அவரு சாக்லேட்டு. நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு. நான் நோம்புன்னுதான் துப்பினேன்."

அத்தா தாளைப் பார்த்தார். "எங்க, ஒண்ணு குடு பாப்போம்."

"தின்னுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

தலையாட்டினேன். அத்தா மறுபடியும் தொப்பி விழச் சிரித்தார். "பகலெல்லாம் பட்டினி கெடந்துட்டு இப்ப எதக் குடுத்தாலும் அப்பிடித்தாம்மா இருக்கும். இந்நேரத்துக்குப் பச்சத்தண்ணியக் குடிச்சாலும் இனிக்குதும்ப. நீ மத்தியானம் சொன்னதுதான் சரி." பிறகு வாசலில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "எம்மக நோம்பு புடிச்சிருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சந்தோஷத்தின் சத்தத்தில் சாணார்பட்டிக்குப் போயிருக்க வேண்டிய ஒரு வார்த்தை போகாமல் நின்றுவிட்டது. நானும் சரிகைத் துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு சும்மா இருந்தேன். அத்தாவை இன்றைக்குக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. காய்ந்த நாக்கு பொய் சொல்லும் என்று அவர் நினைத்தது நியாயம்தான். பொய் சொன்ன வேளை எது என்பதில்தான் அவர் தவறினார்.

பெருநாளைக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது சாணார்பட்டிக்காரர் மறுபடி வந்தார். இந்த முறை டின். உள்ளே சிவப்புக் கண்ணாடித் தாள், இரண்டு முனையும் முறுக்கியிருந்தது.

"பாப்பா துப்புனதப் பாத்துட்டுப் போயி ராப்பகலா ரோசன பண்ணேன் ராவுத்தரே. அந்தக் கசப்புப் பொடியவே தூக்கி எறிஞ்சுட்டேன். சீனியக் கருக்கிக் கலர் கொண்டாந்துட்டேன். பாலும் பாதிதான்."

அன்று எனக்கு நோன்பில்லை. ஒரு நோன்போடு போதும் என்று அம்மா தடுத்துவிட்டார். வாய் கொப்பளித்துவிட்டு ஒன்றைப் பிரித்துத் தின்றேன். மற்றச் சரக்கைப் போலவே இருந்தது. வழக்கமாக வருகிற டின்களைப் போல, எல்லா டின்களையும் போல. முன்னதைக் கொண்டு வாங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் விழுங்குகிறேனா என்று. விழுங்கினேன். அவர் மூச்சு விட்டது கேட்டது.

"இனிக்குது" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

அத்தா அவரிடம் இருந்த டின் அத்தனையும் எடுத்துக்கொண்டார். பெருநாளைக்குள் தீர்ந்துவிட்டது. சித்தையன்கோட்டைக் கடைக்காரர் "அந்தச் செவப்புத் தாளு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே சைக்கிளை நிறுத்துவார். நீங்களும் தின்றிருப்பீர்கள். அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள் தின்னாமல் இருந்திருக்க முடியாது. சாணார்பட்டிக்காரர் கடைக்கு வரும்போதெல்லாம் என்னைக் காட்டி, "எம் பொழப்ப நிமித்துனது இந்தப் பாப்பா துப்புனதுதான்" என்பார். நின்றவர்கள் சிரிப்பார்கள். தெருவில் கொஞ்ச காலம் எனக்கு அதுவே பெயராக இருந்தது, துப்புன பாப்பா. அவர் ஒவ்வொரு பெருநாளைக்கும் எனக்கென்று ஒரு பொட்டலம் தனியாகக் கொண்டுவருவார். நான் வாங்கி அக்காவிடம் கொடுத்துவிடுவேன். அவளுக்கு நல்லாயிருக்கும்.

இரண்டு வருடம் கழித்து அத்தா பெருநாள் சரக்குப் பேச சாணார்பட்டிக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். நத்தம் ரோட்டில் பஸ். இறங்கி வரப்பில் நடந்தோம். வீட்டுக்குப் பக்கத்தில் ஓடு போட்ட கொட்டகை. உள்ளே கொப்பரை. ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தாள் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தாவும் சாணார்பட்டிக்காரரும் கொட்டகைக்குள் போய்விட, நான் வெளியே புளியமரத்தடிக்கு வந்தேன். அங்கே ஓர் அம்மாள் மடியில் கனகாம்பரம் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நீதான் துப்புன புள்ளையா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது.

"உக்காரு தாயி. சும்மாதேன் கேட்டேன். அத நாந்தேன் கிண்டுனேன்."

"நீங்களா? அவரு வீட்டுல கிண்டுனதுன்னு சொன்னாரு."

"ஆமா, வீட்டுலதேன்." அவர் நூலைப் பல்லால் இழுத்தார். "நாந்தேன அவருக்கு வீடு."

அவர் கல்யாணத்துக்கு முன்னால் சிறுமலையில் ஒரு தோட்டத்துப் பங்களாவின் சமையற்கட்டில் வேலை பார்த்தாராம். அங்கிருந்த துரைசாணி கிண்டுவதைப் பார்த்துப் பழகியதாம். கை அளவு யாருக்கும் சொன்னதில்லை. மாட்டை விற்கலாம் என்று சொன்னதே இந்த அம்மாள்தானாம்.

"இப்பக் கிண்டுறதில்லையா?"

"அன்னைக்கு அவரு வந்து சொன்னாரு, புள்ள மூணு வாட்டி துப்புச்சுன்னு. சட்டியக் கழுவிக் கவுத்துட்டேன். இப்ப இருக்கிறது அவரு கைப்பக்குவம். எனக்கு இந்தப் பூவு போதும்."

நான் கால் விரலால் மண்ணைக் கீறினேன். "நான் கசக்குதுன்னு துப்பல. அன்னைக்கு நோம்பு. வீட்டுக்குத் தெரியாமப் புடிச்சிருந்தேன். முழுங்கக் கூடாது."

"எதுவுமேவா?"

"எதுவுமே. பொழுது சாயிற வரைக்கும்."

"பொழுது சாஞ்சப்பறம்?"

"தின்னேன்."

"எத்தன?"

"இருந்த பதினொண்ணையும். எங்கக்காவுக்கு ஒண்ணுகூடக் குடுக்கல."

பூவும் நூலும் அப்படியே நின்றன.  அந்த அம்மாள் கொட்டகைப் பக்கம் திரும்பி, நான் எதிர்பாராத உரத்த குரலில் கூப்பிட்டார். "ஏங்க! இங்க வாங்களேன். இந்தப் புள்ள அன்னைக்குப் பதினொண்ணு தின்னுச்சாம்!"

உள்ளே கரண்டி கொப்பரையில் உரசுகிற சத்தம். "என்னாது?"

"பதினொண்ணு!"

"கேக்கல! கொப்பர கொதிக்குது, அடிப்புடிச்சிரும்! என்னான்னு சொல்லு!"

கொட்டகைக்குள் பெண்கள் தாள் முறுக்கும் சரசரப்பு நிற்காமல் வந்துகொண்டிருந்தது. வாசலில் வெயிலுக்கு அடுக்கிய சிவப்புத் தாள்கள் காற்றில் லேசாகத் தூக்கி அடித்தன. அந்த அம்மாள் மடியிலிருந்து அடுத்த பூவை எடுத்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார். "நீங்க கிண்டுங்க."